விக்டோரியா காலம் என்னும் சொல்லும் யாழ்ப்பாணத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டும்

வரலாற்றைக் காலப்பகுதிகளாக வகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் சூட்டி நோக்குதல் வரலாற்றாசிரியர்க்கு இன்றியமையாத பணிகளுள் ஒன்றாகும். பெயர் சூட்டுவோர் பெரும்பாலும் அரசரையே நாடுவர். தமிழிலக்கிய வரலாற்றில் பல்லவர் காலம், சோழர் காலம், நாயக்கர் காலம் என வழங்கும் பெயர்கள் இவ்வாறு அமைந்தவையே. பேராசிரியர் வி. செல்வநாயகம் அவர்கள் 1951இல் வெளியிட்ட இலக்கிய வரலாற்று நூல் இப்பகுப்பை ஈழத்து மாணவரிடையே நிலைபெறச் செய்தது. ஆயினும், தமிழர் கையாண்ட இப்பெயர்களுக்கும் ஆங்கிலேயர் தம் வரலாற்றிற் கையாளும் பெயர்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. தமிழிற் காலம் அரசகுலத்தின் பெயரைப் பெறுகின்றது. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் ஒரு தனி அரசரின் பெயரைப் பெறுகின்றது. முதலாம் எலிசபெத்தின் காலம் எலிசபெத்தியம். முதலாம் ஜேம்சின் காலம், ஜேம்ஸ் என்பதன் இலத்தீன் வடிவம் யாக்கோபசு ஆதலின், யாக்கோபியம். ஜோர்ஜ் என்ற பெயருடையோர் நால்வர் தொடர்ந்து ஆண்ட காலம் ஜோர்ஜியம். அதன்பின் விக்டோரியம், எட்வேர்டியம் என்பன.

இவற்றுள் விக்டோரியம் என்னும் சொல் மட்டும் ஏனையவற்றினின்றும் வேறாக வளர்ந்தது. பிற சொற்கள் பெரும்பாலும் காலத்தையும், கட்டடம், தளபாடம், நாடகம் முதலியவற்றின் பாணியையும் குறிப்பதோடு அமைந்துவிட்டன. விக்டோரியம் என்பதோ ஒரு மனப்பாங்கின் பெயராயிற்று. ஒருவரை எலிசபெத்தியர் என்றால் அவர் எக்காலத்தவர் என்பதே பெறப்படும். விக்டோரியர் என்றால் அவர் கண்டிப்பானவர், காமத்தைப் பற்றிப் பேச அஞ்சுபவர், வெளிக்கு ஒன்றும் உள்ளுக்கு வேறொன்றுமாக வாழ்பவர் என்றெல்லாம் பொருள்படும். சோழர் காலத்து ஒழுக்கம் என்று ஒரு தனிப்பண்பைத் தமிழர் சுட்டுவதில்லை. விக்டோரிய ஒழுக்கம் என்னும் தொடரோ தமிழ்த் திறனாய்விலும் இடம்பெற்றுவிட்டது. யாழ்ப்பாணத்து மத்தியதர வகுப்பினரின் ஒழுக்கநெறியையும், ஆறுமுக நாவலரின் சமயச் சீர்திருத்தங்களையும், பெண்கள் கல்லூரிகளின் விடுதி விதிகளையும் அத்தொடராற் சுட்டிவிட்டு அப்பாற் செல்லுதல் எளிது. அச்சொல் இங்கு உண்மையில் எதனை விளக்குகின்றது, எதனை மறைக்கின்றது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதலிற் சொல்லின் வரலாற்றை நோக்குவோம். விக்டோரியா அரசி 1837 யூன் 20இல் அரியணை ஏறி, 1901 சனவரி 22இல் இறந்தார். அறுபத்துமூன்று ஆண்டுகளும் ஏழு மாதங்களும் நீடித்த அவ்வாட்சியின் முற்பகுதியில் அவர் பெயரடியாகப் பிறந்த பெயரடை அருகியே வழங்கியது. அதனை இலக்கிய வரலாற்றில் நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவராகக் கூறப்படுபவர் ஆங்கிலேயர் அல்லர் என்பது சுவையான செய்தி. எட்மண்ட் கிளாறன்ஸ் ஸ்டெட்மன் என்னும் அமெரிக்கர் 1875இல் வெளியிட்ட விக்டோரியக் கவிஞர்கள் பற்றிய நூலே அச்சொல்லைப் பரவலாக்கியது. அப்பொழுது அதில் இகழ்ச்சி ஏதும் இல்லை. இகழ்ச்சி பிற்காலத்தில் ஏறியது. 1918இல், முதலாம் உலகப்போர் முடிவுறும் ஆண்டில், லிற்றன் ஸ்ட்ரேச்சி மேன்மைமிக்க விக்டோரியர் என்று பொருள்படும் தலைப்பில் நால்வரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதினார். தலைப்பில் உள்ள மேன்மை கேலிக்காக வைக்கப்பட்டது. தந்தையரின் தலைமுறையே உலகைப் போருக்குள் தள்ளியது என்று கசந்திருந்த இளைஞர்க்கு அந்நூல் உவப்பாயிருந்தது. அன்றுதொட்டு விக்டோரியம் என்பது மைந்தர் தந்தையர்மீது வீசும் சொல்லாயிற்று. எனவே இன்று வழங்கும் பொருளில் அச்சொல் விக்டோரியாவின் காலத்தை விளக்குவதிலும் பார்க்க, அக்காலத்தை வெறுத்த 1920களின் மனநிலையையே கூடுதலாக விளக்குகின்றது எனலாம்.

இதற்கு ஒரு சான்று, பியானோவின் கால்களுக்கும் துணியுறை அணிவித்த கதை. கால் என்ற சொல்லைக் கேட்கவும் நாணிய விக்டோரியர் இசைக்கருவியின் காலையும் மூடினர் என்று இன்றும் பலர் கூறுவர். இக்கதையின் மூலம் கப்டன் பிரெடெரிக் மரியற் என்பவர் 1839இல் வெளியிட்ட அமெரிக்கப் பயணக் குறிப்பாகும். அவர் அதனைக் கண்டதாகக் கூறியது இங்கிலாந்தில் அன்று; அமெரிக்காவில், பெண்கள் கல்வி பயிலும் ஒரு விடுதியில். ஆங்கிலேயர் ஒருவர் அமெரிக்கரின் மிகை நாணத்தை எள்ளி நகையாடச் சொன்ன கதை, காலப்போக்கில் ஆங்கிலேயர் தலையிலேயே விடிந்தது. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இக்கதை வெறும் வேடிக்கையன்று. ஏனெனில் யாழ்ப்பாணத்துக்கு ஒழுக்கக் கண்டிப்பைக் கொணர்ந்தவர் எனப்படும் மிசனரிமாருட் செல்வாக்கு மிக்கோர் பலர், மரியற் எள்ளி நகையாடிய அதே அமெரிக்கக் கிறித்தவச் சூழலிலிருந்தே வந்தனர்.

அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியது 1816இல். அப்பொழுது விக்டோரியா பிறந்திலர். அவர் பிறந்தது 1819இல். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும், உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலை 1824இலும் தொடங்கப்பட்டன. செமினரியின் காலை மணி, வழிபாடு, கணிதம், வானியல், தன்னாய்வு, மதுவிலக்கு ஆகிய யாவும் விக்டோரியா முடிசூடுமுன் யாழ்ப்பாணத்தில் வேரூன்றிவிட்டவை. அவற்றின் ஊற்று நியூ இங்கிலாந்தின் தூய்மைநெறிக் கிறித்தவமேயன்றி இலண்டன் அரண்மனையன்று. ஆங்கில அரசோ தொடக்கத்தில் இவ்வமெரிக்கரை ஐயக்கண் கொண்டே பார்த்தது. 1820இல் அச்சுத்தொழில் வல்ல ஒருவரை மிசன் அனுப்பியபொழுது, அவர் இலங்கையில் தங்குவதற்கே அரசு இடமளிக்கவில்லை. இனி, செமினரி மூடப்பட்ட ஆண்டையும் கருதுதல் வேண்டும். விக்டோரியாவின் ஆட்சி உச்சநிலையை எய்திக்கொண்டிருந்த 1855இல், ஆங்கிலக் கல்வி சமயப் பணிக்கு உதவவில்லை என்று மிசனின் அமெரிக்கத் தலைமையகம் கருதியமையால் அது மூடப்பட்டது. யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது 1872இலேயே.

மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் மசச்சூசெற்ஸ் மாநிலத்தவர். 1847இல் இலங்கை வந்த அவர், 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பியல் முதலாய நூல்களைத் தமிழாக்கினார். தம் மாணவர் மேனாட்டு உடைக்கும் நடைக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. பேரரசின் மொழி ஆங்கிலமாயிருக்க, பேரரசுக்கு வெளியே பிறந்த ஒருவர் பேரரசின் மூலையொன்றில் தமிழில் அறுவை மருத்துவம் போதித்ததனை விக்டோரியம் என்னும் சொல்லுள் எவ்வாறு அடக்குவது? கிறீன் பிறந்த ஆண்டு 1822. நாவலர் பிறந்த ஆண்டும் அதுவே.

கால எல்லையாகக் கொள்ளினும் இச்சொல் யாழ்ப்பாணத்துக்குப் பொருந்துவது அரிது. தமிழ்நாட்டில் 1858ஆம் ஆண்டு ஒரு திருப்பம். கும்பினியாட்சி முடிந்து அரசியின் ஆட்சி தொடங்கியது. அரசியின் பிரகடனம் ஊர்தோறும் படிக்கப்பட்டது. இலங்கையின் கரையோரம் 1802இலேயே முடியின் நேராட்சிக்குட்பட்டுவிட்டமையால் இங்கு அத்திருப்பம் இல்லை. 1877 சனவரி முதல் நாள் தில்லியிற் கூடிய பேரவையில் விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினி என அறிவிக்கப்பட்டார். பாக்குநீரிணைக்கு இப்பால் அவர் தொடர்ந்தும் மகாராணியே. கோல்புறூக், கமரன் ஆகியோரின் விதப்புரைகளால் நிருவாகமும் நீதிமுறையும் மாறிய 1833உம் அவர் முடிசூடுமுன் கழிந்தது. அக்காலத்தின் அடையாளம் என்று உலகெங்கும் கொள்ளப்படும் புகையிரதமோ, காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதன்முதல் ஓடியது 1902இல், அரசி மறைந்த மறு ஆண்டில். தென்னிலங்கையுடன் பாதை இணைந்தது 1905இல். யாழ்ப்பாணத்தவர் விக்டோரியாவின் ஆட்சி முழுவதும் மாட்டுவண்டியிலும் தோணியிலும் பயணஞ் செய்தனர்.

அரசி எட்டாத் தொலைவில் இருந்தார். கண்முன் இருந்தவர் அரசாங்க அதிபர். பேர்சிவல் அக்லண்ட் டைக் 1829இல் வடபகுதிப் பொறுப்பை ஏற்று, சிறு இடைவெளி நீங்கலாக, 1867இல் இறக்கும்வரை அதனை வகித்தார். வடபுலத்து இராசா என்று அவர் அழைக்கப்பட்டமை தற்செயலன்று. அவருக்குச் சிறிது காலத்தின்பின் வந்த துவைனம் 1869 முதல் 1896 வரை அப்பதவியில் இருந்தார். இருவரின் காலத்தையும் சேர்த்தால் அரசியின் ஆட்சிக் காலத்தை அது ஒத்துவிடும். யாழ்ப்பாணத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத்தான் இடவேண்டுமாயின், டைக் துரையின் பெயருக்கே உரிமை கூடுதல்.

பொதுமக்களோ காலத்தை அறுபதாண்டு வட்டத்தால் அளந்தனர். விக்டோரியா அரியணை ஏறியது ஏவிளம்பி வருடத்தில். இறந்தது சார்வரி வருடத்தில். இவ்விரண்டும் எவர் நினைவிலும் நின்றதாகத் தெரியவில்லை. தமிழர் நினைவில் நின்ற ஆண்டு தாது. 1876இலும் 1877இலும் தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் கொடுமை, இந்திய அரிசியை நம்பியிருந்த யாழ்ப்பாணத்தையும் தாக்கியது. தில்லியிற் சக்கரவர்த்தினிப் பட்டம் அறிவிக்கப்பட்டதும் அதே தாது வருடத்தில் என்பது நினைவுகொள்ளத்தக்கது. அப்பஞ்ச காலத்தில் நாவலர் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியதும், துவைனத்தின் நிருவாகத்தைக் கண்டித்ததும் அறியப்பட்டவை.

இனி, மனப்பாங்கைக் குறிக்கும் பொருளில் இச்சொல் நாவலருக்குப் பொருந்துமா என்பதை நோக்குதல் தகும். கோயில்களிற் பொதுமகளிரின் ஆடலை அவர் கடிந்தார், உயிர்ப்பலியை எதிர்த்தார், 1872இல் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலையில் கோயிலதிகாரிகளையும் குருமாரையும் சைவப் பொதுமக்களையும் தயவுதாட்சணியமின்றிச் சாடினார். இவற்றைக் கண்டு, மிசனரிமாரின் கண்கொண்டு தம் சமயத்தைப் பார்த்தவர் நாவலர் என்று முடிவுகட்டுவோர் உளர். பேர்சிவல் பாதிரியாரிடம் பயின்று, அவருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர் என்பது அம்முடிவுக்கு வலுச்சேர்ப்பதாகவும் தோன்றும். ஆயினும் நாவலர் தம் கண்டனங்களுக்கு ஆதாரமாகக் காட்டியவை சைவாகமங்களும் புராணங்களும் திருக்குறளுமே. வரைவின் மகளிரையும் கள்ளுண்டலையும் புலாலுண்டலையும் கடியும் அதிகாரங்கள் வள்ளுவத்தில் உள்ளன. அவற்றை அறிய எவரும் நியூ இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டியதில்லை. மேலும், காமத்தைப் பற்றிப் பேச அஞ்சுவதே விக்டோரியமாயின், காமத்துப்பாலையும் உள்ளடக்கிய திருக்குறளைப் பரிமேலழகர் உரையுடனும், அகத்துறைகளால் அமைந்த திருக்கோவையாரை அதன் பழைய உரையுடனும் பதிப்பித்தவரை அவ்வாறு அழைத்தல் எங்ஙனம்?

கருவிகளைப் பொறுத்தவரை நிலை வேறு. அச்சியந்திரம், வகுப்புவாரியான பாலபாடம், வினாவும் விடையுமாக அமைந்த சமயநூல், வாரந்தோறும் நிகழும் பிரசங்கம் ஆகியவற்றை மிசனரிமாரிடமிருந்தே நாவலர் கற்றார். 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தொடங்கிய பிரசங்கமும், 1848இல் அவ்வூரில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் வடிவத்திற் புதியன. பொருள் பழையது, கருவி புதியது. விக்டோரியம் என்னும் ஒற்றைச் சொல் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிவிடுகின்றது. இக்குழப்பத்தால் நாவலருக்கு மட்டுமன்றி மிசனரிமாருக்கும் நீதி கிடைப்பதில்லை. ஏனெனில் அவர்களும் யாழ்ப்பாணத்து வழக்கத்துக்கு வளைந்து கொடுத்தவர்களே. உடுவிற் பாடசாலையிற் கல்வியை முடித்துக் கிறித்தவரை மணக்கும் பெண்களுக்கு மிசனே சீதனம் வழங்கியது. வந்தவர் வென்றனரா, ஊர் வென்றதா என்று இதிற் கூறுதல் எளிதன்று.

சீதனத்தைப் பற்றிய இச்செய்தி, இச்சொல் முற்றாகவே பொருந்தாத ஓரிடத்துக்கு இட்டுச்செல்கின்றது. விக்டோரியா காலத்துப் பெண்மணி என்றவுடன் மனக்கண்முன் தோன்றுபவள், கணவனின் நிழலில் உடைமையின்றி வாழும் ஒருத்தி. ஆங்கிலப் பொதுச்சட்டத்தின்படி மணமான பெண்ணின் அசையும் பொருள் கணவனுக்கே உரியது. அவளது நிலத்தின் ஆட்சியும் வருவாயும் அவன் கையிலேயே இருந்தன. 1870ஆம் ஆண்டுச் சட்டம் சிறிது தளர்த்தி, 1882ஆம் ஆண்டுச் சட்டமே மணமான பெண்ணுக்குத் தனியுடைமையை முழுமையாக அளித்தது. யாழ்ப்பாணத்தின் தேசவழமையோ ஒல்லாந்து அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் 1706இல் தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயரால் 1806இற் சட்டவலு அளிக்கப்பட்டது. அதன்படி குடும்பச் சொத்து முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படும். சீதனமாக வந்த வயலும் வளவும் நகையும் பெண்ணின் உடைமை. அவை கணவனின் முதுசத்தோடு கலப்பதில்லை. மணவாழ்வில் ஈட்டியதாகிய தேடியதேட்டத்திலும் அவளுக்குப் பாதி உரித்து. விக்டோரியா அரியணை ஏறிய 1837இல், ஆங்கிலப் பொதுச்சட்டத்தின்கீழ் வாழ்ந்த ஒரு சீமாட்டியிலும் பார்க்க, நல்லூரில் இரண்டு பரப்புக் காணியைச் சீதனமாகப் பெற்ற ஒரு பெண் சட்டத்தின் முன் கூடுதலான உடைமை பெற்றவளாயிருந்தாள்.

இதனைக் கொண்டு யாழ்ப்பாணத்துப் பெண் விடுதலை பெற்றிருந்தாள் எனக் கூறுவது மிகையாகும். தன் நிலத்தை விற்பதற்கு அவளுக்குக் கணவனின் சம்மதம் வேண்டும். 1911இல் இயற்றப்பட்ட யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் இத்தடையை விட்டுவைத்தது. ஆகையால் அவள் இருந்த கட்டு வேறுவகைக் கட்டு. அதன் வேர் நிலவுடைமையிலும், சாதிக்குள் மணமுடித்து நிலத்தைச் சாதிக்குள்ளேயே வைத்திருக்கும் ஏற்பாட்டிலும் இருந்தது. அதற்கு விக்டோரியம் என்று பெயரிட்டால், குற்றவாளியை ஊருக்கு வெளியே தேடுவதாக முடியும்.

ஊருக்கு வெளியே தேடும் இப்பழக்கம் மிகவும் பிழையாகிப்போவது சாதிக்கொடுமையைப் பற்றிய பகுதியிலேயே. தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகள் உள்ளன. கோவியர், நளவர், பள்ளர் என்போர் அவ்விதிகளுள் அகப்பட்டோர். ஆங்கிலப் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையை விலக்கி வைத்தது. இங்கு அடிமைமுறை முற்றாக நீக்கப்பட்டது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால். அரசியின் பெயரால் நிகழ்ந்த நற்செயல்களை எண்ணப் புகுவோர் இதனை முதலில் வைக்கலாம். ஆனால் அச்சட்டம் நிலமளிக்கவில்லை, கிணற்றைத் திறக்கவில்லை, கோயிற் கதவையும் திறக்கவில்லை. நாவலரும், நாட்டின் ஒழுக்கக்கேட்டை இத்துணைக் கண்டிப்போடு சாடியவராயினும், சாதியாசாரத்தைப் பேணவே நின்றார் என்பதை மறைத்தற்கில்லை.

விக்டோரியம் என்பது உடலை மூடும் நாணத்தின் பெயர் என்பர். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு மேற்சட்டை அணியும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது, அணிந்தோர் தண்டிக்கப்பட்டனர். மூடு என்று வற்புறுத்தும் நாணமும், மூடாதே என்று தடுக்கும் அதிகாரமும் ஒரே தெருவில் ஒரே காலத்தில் நிலவின. பியானோவின் காலுக்கு உறையிட்ட கதையைச் சொல்லிச் சிரிப்பதற்கு உகந்த இடம் யாழ்ப்பாணமன்று. இங்கு மானம் என்பது எல்லோருக்கும் விதிக்கப்பட்டதன்று. சிலருக்கு உரிமையாகவும் வேறு சிலருக்குத் தடையாகவும் அது பங்கிடப்பட்டிருந்தது. இப்பங்கீட்டை விளக்க ஆங்கில அரசியின் பெயர் ஒருசிறிதும் உதவாது. காலவெல்லையும் அவ்வாறே பொய்த்துவிடுகின்றது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது 1957இல். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது 1968இல். அன்று வாயிலின் புறத்தே நிறுத்தப்பட்டோரிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு எப்பொழுது முடிந்தது என்று வினாவினால், 1901 என்ற விடை கிடைத்திராது.

இவ்வளவு கூறியபின்னும் அச்சொல்லை முற்றாக விலக்கிவிடலாம் எனத் துணிதல் இயலாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. யாழ்ப்பாணத்துக் கற்றோரின் ஒரு தலைமுறை, அரசியின் ஆட்சியோடு ஒட்டியே பிறந்து வளர்ந்து மறைந்தது. சிறுப்பிட்டியில் 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றார். அதே செமினரி மாணவரான கறோல் விசுவநாதபிள்ளையும் அவருமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். ஆங்கில ஆட்சி திறந்துவிட்ட பதவி வழிகளால் உயர்ந்து, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். பேரரசு இல்லையேல் இவ்வாழ்க்கை இல்லை. ஆனால் அவ்வாழ்க்கையின் பயனாக அவர் செய்தது யாது? செல்லரித்துக் கிடந்த ஏடுகளைத் தேடி ஊரூராக அலைந்து, 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். 1887 அரசியின் பொன்விழா ஆண்டு. பேரரசெங்கும் வாணவேடிக்கையும் வாழ்த்துப்பாவும் மலிந்த அவ்வாண்டில், தூய்மைநெறி அமெரிக்கரிடம் கல்விகற்ற யாழ்ப்பாணத்தவர் ஒருவர், கைக்கிளையும் பெருந்திணையும் உட்பட அன்பின் எல்லா நிலைகளையும் பாடும் ஒரு பழந்தமிழ் நூலை முதன்முதல் அச்சில் வெளியிட்டார். தாமோதரம்பிள்ளை இறந்தது 1901 சனவரி முதல் நாள்; அரசி இறந்தது மூன்று வாரங்களின்பின். இருவருள் எவர் பெயரால் அக்காலத்தை வழங்குவது தமிழ் மாணவர்க்குத் தகும் என்பது விடையிறுத்தற்கு அரிய வினாவன்று. அச்சுக் காலம் என்றோ பதிப்புக் காலம் என்றோ அழைப்பினும் குற்றமில்லை. மானிப்பாயின் அச்சகமும், 1841இல் தோன்றிய உதயதாரகையும், நாவலரின் அச்சகமும், 1889இல் தோன்றிய இந்துசாதனமும் அப்பெயருள் ஒருங்கே அடங்கும். கிணற்றடியில் நின்றோரை அப்பெயரும் அடக்காது என்பதை மட்டும் மறத்தலாகாது.

யாழ்நகரின் மணிக்கூட்டுக் கோபுரம் அரசியின் பெயரில் எழுந்ததன்று. வேல்சு இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக 1882இல் அமைக்கப்பட்டது அது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், போரினாற் சிதைந்திருந்த அது திருத்தப்பட்டது. அதன் கவிகைமாடத்தின் அமைப்பிற் கீழைநாட்டுச் சாயலே மிகுதி. காலத்தால் விக்டோரியமும் தோற்றத்தால் வேறொன்றுமாக அது நிற்கின்றது. அவ்விளவரசர் பின்னர் ஏழாம் எட்வேர்ட் என்னும் பெயரில் 1901 முதல் 1910 வரை ஆண்டார். அவர் ஆட்சியிலேதான் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வந்தது. எட்வேர்டிய யாழ்ப்பாணம் என்று இதுகாறும் எவரும் எழுதினாரில்லை.